ஓடுவதற்கு முன் மாத்திரைச் சீட்டை எடுங்கள்

கேள்வி: எனக்கு 44 வயது. சர்க்கரை வந்து ஐந்து வருடம் ஆகிறது. கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை காலையில் ஒன்று, இரவில் ஒன்று. கடைசியாகப் பார்த்த ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 8.1. எடை 84 கிலோ. தினமும் அரை மணி நேரம் நடக்கிறேன். ஒன்பது வாரத்தில் 5 கிலோமீட்டர் ஓட வைக்கும் செயலி ஒன்றைப் போனில் இறக்கி வைத்திருக்கிறேன். வெறும் வயிற்றில் ஓடலாமா? மாத்திரையைப் போட்டுவிட்டு ஓடுவதா, ஓடிவிட்டுப் போடுவதா? ஓட்டம் பழகிவிட்டால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்:

ஓடலாம். தாராளமாக ஓடலாம். ஆனால் போனில் இருக்கும் செயலியைத் திறப்பதற்கு முன்னால் டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரைச் சீட்டைத் திறங்கள். சர்க்கரை இருப்பவருக்கு ஓட்டத்தில் வரும் சிக்கல்களில் பாதி அந்தச் சீட்டில்தான் இருக்கிறது. மீதிப் பாதி பாதத்தில்.

நான் டாக்டர் இல்லை. எனக்கு 14 வருடமாகச் சர்க்கரை. அதில் 9 வருடமாக ஓடுகிறேன், கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதையில். ஒரு சுற்று சுமார் இரண்டரை கிலோமீட்டர். புதிதாக ஓட வரும் சர்க்கரைக்காரர்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பழக்கம். அந்த அனுபவமும், டாக்டர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதும்தான் கீழே இருப்பது. உங்கள் மருந்தின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் டாக்டர் வேலை. அதில் நான் கை வைக்கமாட்டேன், நீங்களும் வைக்காதீர்கள்.

மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர் ஓடினால் சர்க்கரை அபாயமாகக் கீழே இறங்குவது அபூர்வம். சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின், டெனெலிகிளிப்டின் வகையும் அப்படித்தான். கிளிமிபிரைடு வேறு சாதி. கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு எல்லாம் அதன் பங்காளிகள். இவை கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வெளியே எடுக்கும். நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா, ஓடுகிறீர்களா தூங்குகிறீர்களா என்று அவை பார்ப்பதில்லை. மாத்திரை உள்ளே போனால் இரண்டு மூன்று மணி நேரத்தில் உச்சத்துக்கு வரும். அதன் வேலை ஒரு நாள் வரை நீளும்.

இதோடு ஓட்டம் சேரும்போது என்ன ஆகும்? ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை தசைக்குள் போக வேண்டுமென்றால், சாதாரணமாக இன்சுலின் வந்து வாசல் கதவைத் திறக்க வேண்டும். உங்களுக்கும் எனக்கும் அந்த வாசல் கதவு துருப்பிடித்த கதவு. ஆனால் தசைக்குக் கொல்லைப்புறக் கதவு ஒன்று உண்டு. தசை சுருங்கி விரிந்து வேலை செய்யும்போது, இன்சுலினைக் கேட்காமலேயே அது திறந்துகொள்ளும். நடந்தாலும் ஓடினாலும் சர்க்கரை இறங்குவது இந்த வழியில்தான். ஓடி முடித்த பிறகும் ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் வரை வாசல் கதவும் கொஞ்சம் இலகுவாகத் திறக்கும். நமக்கு இது வரம். ஆனால் கிளிமிபிரைடு வாசல் வழியாகத் தள்ள, ஓட்டம் கொல்லை வழியாக இழுக்க, வயிறு காலியாக இருந்தால் ரத்தத்தில் மிச்சம் என்ன இருக்கும்?

எனக்கு ஒரு தரம் மிச்சமே இல்லாமல் போனது. ஓட ஆரம்பித்து இரண்டாவது மாதம். அப்போது எனக்குக் கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின், வோக்லிபோஸ் மூன்றும் சேர்ந்த மாத்திரை. மாத்திரையை மறந்துவிடுவேனோ என்ற பயத்தில் காலை ஐந்தரைக்கே போட்டுக்கொண்டு, ‘வந்து சாப்பிடலாம்’ என்று கிளம்பிவிட்டேன். ஆறே முக்கால் இருக்கும், சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. ஓடுகிறவனுக்கு வியர்ப்பது இயல்புதானே என்று விட்டுவிட்டேன். நிறையப் பேர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். சர்க்கரை இறங்குவதன் முதல் அடையாளங்கள் வியர்வை, படபடப்பு, நடுக்கம், பசி. ஓட்டத்துக்கும் அதே அடையாளங்கள். எனக்குச் சந்தேகம் வந்தது எதிரே இருந்த கடைப் பலகையைப் படிக்க முடியாமல் போனபோதுதான். எழுத்து தெரிகிறது, வார்த்தை ஆகவில்லை. நின்ற பிறகும் வியர்வை நிற்கவில்லை, அதுவும் குளிர்ந்த வியர்வை. கூட வந்தவர் ஏதோ கேட்டதற்குக் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன்.

டீக்கடைக்காரர் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார். குடித்தேன். ஏறவில்லை. இன்னொரு டம்ளர். அரை மணி நேரம் பெஞ்சில் சாய்ந்து கிடந்துதான் தெளிந்தேன். ஏன் ஏறவில்லை என்பது பிறகு தெரிந்தது. வோக்லிபோஸும் அகார்போஸும் குடலில் வெள்ளைச் சர்க்கரை உடைவதை மெதுவாக்கும் மருந்துகள். அவற்றின் வேலையே அதுதான். அதனால் அவற்றைச் சாப்பிட்டிருப்பவருக்குச் சர்க்கரை இறங்கினால் வெள்ளைச் சர்க்கரையும் பிஸ்கட்டும் மிட்டாயும் உடனே கைகொடுக்காது. ஏற்கெனவே உடைந்த நிலையில் இருக்கும் குளுக்கோஸ்தான் வேண்டும், மெடிக்கலில் கிடைக்கும் அதே குளுக்கோஸ் பொடி. நம் ஊரில் இந்த மூன்று சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஏராளம். இதைச் சொல்லித் தருகிறவர்கள் குறைவு.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு இதிலேயே பதில் இருக்கிறது. காலையில் ஓடுவதானால் முதலில் ஓட்டம், அப்புறம் மாத்திரை, கையோடு டிபன். கிளிமிபிரைடைப் பொதுவாகக் காலை உணவோடு ஒட்டித்தான் போடச் சொல்வார்கள், ஆகவே இது விதியை மீறுவதும் ஆகாது. ஆனால் உங்களுக்கு இரவிலும் ஒரு மாத்திரை இருக்கிறது. விடியற்காலையிலும் அது கொஞ்சம் வேலை செய்துகொண்டிருக்கும். அதனால் குளுக்கோமீட்டரில் பார்க்காமல் செருப்பைக் கூட மாட்டாதீர்கள், முதல் இரண்டு மாதமாவது.

மீட்டரில் என்ன எண் வந்தால் என்ன செய்வது? 70-க்குக் கீழே என்றால் அன்று ஓட்டம் இல்லை, வைத்தியம்தான். 70-லிருந்து 100 வரை என்றால், உங்களைப் போலக் கிளிமிபிரைடோ இன்சுலினோ இருப்பவர்கள் ஏறக்குறைய 15 கிராம் மாவுச்சத்து சாப்பிட்டுவிட்டு, கால் மணி நேரம் கழித்து மறுபடியும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஒரு சின்னப் பூவன் பழம் அந்த அளவு வரும். 100-க்கு மேல் 250 வரை வெறும் வயிற்றிலேயே ஓடலாம், சட்டைப்பையில் குளுக்கோஸ் இருக்கும் வரை. 250-ஐத் தாண்டியிருந்தால், உடம்பு தெளிவாக இருந்தால், தண்ணீர் குடித்துவிட்டு நடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 300-ஐத் தாண்டினாலோ, வாந்தி, காய்ச்சல், அசதி இருந்தாலோ படுத்துக்கொள்ளுங்கள், டாக்டருக்குப் போன் செய்யுங்கள். இன்சுலின் போடுகிறவர்களுக்கு, முக்கியமாக முதல் வகைச் சர்க்கரைக்காரர்களுக்கு, 250-க்கு மேலே போனாலே கீட்டோன் (இன்சுலின் போதாதபோது ரத்தத்தில் சேரும் அமிலம்) பார்க்காமல் ஓடக்கூடாது. ஓடப் போகும் நாளில் தொடையில் ஊசி போட வேண்டாம். ஓடும் கால் இன்சுலினைச் சீக்கிரம் உறிஞ்சிக்கொள்ளும். வயிற்றில் போடலாம்.

விரலில் குத்துவதற்கு முன்னால் கையைக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். பழத்தை உரித்த கையோடு குத்தி 240 பார்த்துப் பதறியவர்களை நான் அறிவேன். கையில் ஒட்டும் சென்சார் வைத்திருப்பவர்கள், அது ரத்தத்தைவிடச் சில நிமிடம் பின்தங்கித்தான் சொல்லும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஓடும்போது வேகமாக இறங்கினால் அந்தச் சில நிமிடமே பெரிய வித்தியாசம்.

குளுக்கோஸ் எப்படிக் கொண்டுபோவது என்று கேட்பார்கள். மூன்று டீஸ்பூன் பொடியை மாத்திரை கட்டித் தரும் சின்னப் பிளாஸ்டிக் கவரில் போட்டு மடித்து, அப்படி இரண்டு பொட்டலம். காகிதத்தில் மடித்தால் வியர்வையில் பாகாகிவிடும். இறங்குவதாகத் தோன்றினால் ஒரு பொட்டலம், கால் மணி நேரம் உட்கார்ந்திருந்து பார்ப்பது, 70-ஐத் தாண்டவில்லையென்றால் இன்னொன்று. தாண்டிய பிறகு ஏதாவது சாப்பாடு. சாக்லேட்டும் கடலை மிட்டாயும் இதற்கு உதவாது. அவற்றில் இருக்கும் கொழுப்பு சர்க்கரையைத் தாமதப்படுத்தும். கோவில்பட்டிக் கடலை மிட்டாய் மேல் எனக்கு எந்த விரோதமும் இல்லை, ஆனால் அது ஆபத்துக்கு உதவும் பண்டம் இல்லை. அதே கவரில் ஒரு சீட்டும் இருக்கட்டும்: உங்கள் பெயர், சர்க்கரை இருப்பது, என்ன மாத்திரை, வீட்டு எண். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, 108-ஐ அழைக்க வேண்டும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் நடக்கும். 150-ல் கிளம்பி, மூச்சு முட்ட ஓடி, வந்து பார்த்தால் 180. ‘ஓடினால் ஏறுகிறதே’ என்று இரண்டாம் வாரமே விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். உடம்பு வேகமாக இயங்கும்போது அட்ரினலின் சுரந்து, கல்லீரல் தன் கையிருப்பை ரத்தத்தில் கொட்டும். விடியற்காலையில் கல்லீரல் இயல்பாகவே தாராளம். புதிதாக ஓடுகிறவருக்கு எந்த ஓட்டமும் வேகமான ஓட்டம்தான். ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள், இறங்கியிருக்கும். மெதுவாக ஓடினால் இந்த ஏற்றமும் குறையும்.

அப்புறம் இரவு. ஓட்டத்தால் வரும் இறக்கம் ஓடும்போதுதான் வரும் என்பதில்லை, பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்தும் வரலாம். தசைகள் காலியான பத்தாயத்தை நிரப்பிக்கொண்டிருக்கும் நேரம் அது. மாலையில் ஓடிவிட்டு, இரவு மாத்திரையையும் போட்டுவிட்டு, ‘டயட்’ என்று அரைகுறையாகச் சாப்பிட்டுப் படுப்பதுதான் மோசமான சேர்க்கை. நள்ளிரவில் நனைந்த பனியனோடு எழுந்தாலோ, கெட்ட கனவு வந்தாலோ, காலையில் தலை வலித்தாலோ அது இதுவாக இருக்கலாம். நீங்கள் காலை ஓட்டக்காரராகவே இருங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, திட்டத்துக்கு வருவோம். நீங்கள் இறக்கி வைத்திருப்பது ‘கவுச் டு 5கே’ குடும்பத்தைச் சேர்ந்த செயலியாகத்தான் இருக்கும். 1996-ல் ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்க இளைஞர், ஐம்பதைத் தாண்டிய தன் அம்மாவுக்காகப் போட்ட திட்டம் அது. வாரம் மூன்று நாள். முதல் வாரத்தில் ஐந்து நிமிட வேக நடை, பிறகு 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை என்று மாற்றி மாற்றி 20 நிமிடம். நல்ல திட்டம். ஆனால் ஐந்தாம் வாரத்தில் ஒரு குழி இருக்கிறது. அந்த வாரத்தின் மூன்றாம் நாள், நடையே இல்லாமல் 20 நிமிடம் ஓடச் சொல்லும். முந்தைய நாள் வரை எட்டு நிமிடம் ஓடியவர்கள் நாம். நான் பார்த்தவரை சர்க்கரைக்காரர்கள் முழங்காலையோ குதிகாலையோ பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போவது அந்த வாரத்தில்தான்.

காரணம் சோம்பேறித்தனம் இல்லை. மூச்சும் தசையும் சில வாரத்தில் பழகிவிடும். தசைநாண்களுக்கு மாதக்கணக்கு ஆகும். வருடக்கணக்காக அதிகச் சர்க்கரையில் ஊறிய தசைநாண் விறைப்பாக இருக்கும், அதன் நார்களில் சர்க்கரை ஒட்டிக்கொண்டுவிடுவதால். நம்மவர்களுக்குத் தோள்பட்டை இறுகிப்போவது அதிகம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அதே கதைதான் குதிகால் நாணிலும் நடக்கிறது. அதனால் நான் ஒன்பது வாரத்தைப் பதினெட்டு வாரமாக்கச் சொல்வேன். ஒவ்வொரு வாரத்தையும் இரண்டு தரம் செய்யுங்கள். அதற்கும் முன்னால் மூன்று வாரம், உங்கள் அரை மணி நடையை 45 நிமிட வேக நடையாக உயர்த்துங்கள். செயலி ‘அடுத்த வாரத்துக்குத் தயாரா’ என்று கேட்கும். கேட்டுக்கொண்டே இருக்கட்டும்.

வேகம்? ஓட்டம் என்று சொல்வதே தப்பு, தொங்கோட்டம். பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். பேச முடியவில்லையென்றால் வேகம் அதிகம். வேகமாக நடக்கும் ஒரு பாட்டி உங்களைத் தாண்டிப் போவார், போகட்டும். கைக்கடிகாரத்தில் வரும் இதயத்துடிப்பு எண்ணை நம்பி ஓடுவதில் ஒரு சிக்கல் உண்டு. ரத்த அழுத்தத்துக்காக மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் துடிப்பு அவ்வளவாக ஏறாது. கூடவே சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் அந்த மாத்திரை மறைத்துவிடும். வியர்வை மட்டும்தான் மிஞ்சும்.

நாட்களை எப்படிப் பிரிப்பது என்றால், ஒரு நாள் விட்டு ஒரு நாள். திங்கள், புதன், வெள்ளி ஓட்டம். இடையில் நடை. ஓட்டத்தால் வாசல் கதவு இலகுவாகும் பலன் ஒன்றிரண்டு நாளில் தேய்ந்துவிடுவதால், உடற்பயிற்சி இல்லாத நாட்கள் தொடர்ந்து இரண்டுக்கு மேல் போகக்கூடாது என்பது சர்க்கரை மருத்துவத்தில் நிலைத்துவிட்ட விதி. இரண்டு நாள் காலுக்கு வலு சேர்க்கும் பயிற்சியும் வேண்டும். நாற்காலியில் கை வைக்காமல் உட்கார்ந்து எழுவது, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது. இவ்வளவு போதும். தொடைதான் உடம்பின் பெரிய பத்தாயம். அதை வளர்த்தால் சர்க்கரைக்குப் போக இடம் கிடைக்கும்.

பாதத்தைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை. நான் கேட்கிறேன்: கடைசியாக உங்கள் உள்ளங்காலை எப்போது பார்த்தீர்கள்? ஐந்து வருடச் சர்க்கரை, 8.1 என்றால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஓட வேண்டும். ஒரு நைலான் நரம்பை உள்ளங்காலில் வளையும் அளவுக்கு அழுத்திப் பார்ப்பார்கள், அது 10 கிராம் அழுத்தம். கண்ணை மூடிக்கொண்டு, தொட்ட இடம் தெரிகிறதா என்று சொல்ல வேண்டும். சர்க்கரை மருத்துவமனைகளில் அதிர்வை வைத்துப் பார்க்கும் பயோதீசியோமீட்டரும் இருக்கும். வலியில்லாத, சில நிமிடச் சோதனை. உணர்ச்சி நன்றாகக் குறைந்திருந்தால் ஓட்டத்துக்குப் பதிலாக மிதிவண்டியோ நீச்சலோ நல்லது. ஆறாத புண் இருந்தால் அது ஆறும் வரை ஓட்டத்தின் பேச்சே வேண்டாம்.

உணர்ச்சி குறைந்த காலில் கல் உறுத்தாது, ஷூ கடிக்காது. கடித்திருப்பது ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரியும். அதனால் வெள்ளைக் காலுறை போடுங்கள். கறுப்பில் ரத்தம் தெரியாது. தையல் தடிப்பு விரலில் படாத காலுறையாகப் பாருங்கள், பருத்தி வேண்டாம், வியர்வையை வைத்துக்கொண்டு கொப்புளம் போடும். ஷூவைச் சாயங்காலம் போய் வாங்குங்கள், பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரம் அது. நின்றுகொண்டு பார்க்கும்போது நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். புது ஷூவை வீட்டுக்குள் ஒரு வாரம் போட்டு நடந்துவிட்டு வெளியே எடுங்கள். போடும் ஒவ்வொரு முறையும் கையை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். எங்கள் கூட்டத்தில் ஒருவர் குழந்தையின் விளையாட்டுச் சாமான் ஒன்றை மிதித்துக்கொண்டே இரண்டு கிலோமீட்டர் ஓடியிருக்கிறார். வலிக்கவில்லை என்றுதான் சொன்னார். அதுதானே பயம்.

ஓடி வந்ததும் கால் கழுவி, விரல் இடுக்கில் ஈரம் இல்லாமல் துடைத்து, உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் போனில் படம் எடுத்துப் பார்க்கலாம். விரல் இடுக்குச் சேற்றுப்புண்ணை அலட்சியம் செய்யாதீர்கள். கொப்புளத்தை ஊசியால் குத்தாதீர்கள். கால் ஆணிக்கு பிளேடும் வேண்டாம், கடையில் விற்கும் மருந்துப் பிளாஸ்திரியும் வேண்டாம், அதில் இருக்கும் அமிலம் நல்ல தோலையும் அரிக்கும். கடற்கரை மணலில் வெறுங்காலில் ஓடினால் நல்லது என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு வந்துவிடுங்கள். இதைச் சொல்லும்போது வேண்டுதல்காரர்கள் கோபிப்பார்கள், ஆனாலும் சொல்கிறேன்: உணர்ச்சி குறைந்த காலோடு திருவண்ணாமலை கிரிவலத்தின் 14 கிலோமீட்டரை வெறுங்காலில் சுற்றுவதும் இதே கணக்குதான். பகல் வெயிலில் தார்ச்சாலை சுட்டது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும்.

மற்ற சோதனைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கண்ணில் விழித்திரையைப் பார்த்துக்கொள்ளுங்கள். புது ரத்தக்குழாய்கள் முளைக்கும் கட்டத்தில் இருந்தால் ஓட்டத்தின் குலுங்கலில் உள்ளே ரத்தம் கசியலாம். முதலில் அதற்கு வைத்தியம், பிறகு ஓட்டம். ரத்த அழுத்தம், இசிஜி, சிறுநீரகத்துக்காகக் கிரியேட்டினின், சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம். ஆல்புமின் பார்ப்பதற்கு முந்தின நாள் ஓடாதீர்கள், ஓட்டமே அதைத் தற்காலிகமாகக் கூட்டிக் காட்டும். டிரெட்மில் சோதனை எல்லோருக்கும் கட்டாயமில்லை. புகைப்பவர், குடும்பத்தில் சின்ன வயதில் மாரடைப்பு வந்தவர், படியேறினால் மூச்சு வாங்குகிறவர் இதை டாக்டரிடம் கேட்காமல் ஆரம்பிக்கக்கூடாது. சர்க்கரைக்காரர்களுக்கு மாரடைப்பு நெஞ்சுவலி இல்லாமலேயே வரலாம். வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு, தாடையிலோ தோளிலோ வலி, மேல் வயிற்றில் ஒரு பாரம். நம் ஊரில் இதற்கெல்லாம் ‘கேஸ்’ என்று பெயர் வைத்து ஒரு சோடாவைக் குடித்துவிடுவார்கள். ஓடும்போது வந்த ‘கேஸ்’ ஓட்டத்தை நிறுத்தியதும் போனால் அது கேஸ் இல்லை, இதயம் என்று நினைத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முழங்கால் வலிக்கு டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுக்கொண்டு ஓடுவதும் வேண்டாம், சிறுநீரகத்துக்கு அது கூடுதல் சுமை.

உங்கள் சீட்டில் இல்லை, ஆனால் நாளை வரலாம்: டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் மருந்துகள். கூடவே தண்ணீரும் போகும், அதனால் ஓட்ட நாளில் தண்ணீரைக் கூட்டிக் குடிக்க வேண்டும். வாந்தி, பட்டினி நாட்களில் டாக்டரைக் கேட்டு அதை நிறுத்திவைக்க வேண்டும். வெட்கப்படாமல் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்த மருந்தில் அந்தரங்கப் பகுதியில் பூஞ்சைத் தொற்று வரும் வாய்ப்பு அதிகம். வியர்வையில் ஊறிய கால்சட்டையோடு டீக்கடையில் அரை மணி நேரம் அரசியல் பேசாதீர்கள்.

டீக்கடை என்றதும் சாப்பாடு. ஒரு கிலோமீட்டர் ஓடினால், உடம்பின் ஒரு கிலோ எடைக்கு ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகும் என்பது ஓட்டக்காரர்களின் பழைய கணக்கு. உங்கள் 84 கிலோவுக்கு இரண்டரை கிலோமீட்டர் என்றால் 210. ஒரு நெய் ரோஸ்ட் முன்னால் அது நிற்காது. ஒரு மணி நேரத்துக்குக் குறைந்த ஓட்டத்துக்கு வண்ணப் பானம் எதுவும் தேவையில்லை, தண்ணீர் போதும். பொள்ளாச்சி இளநீரிலும் சர்க்கரை உண்டு, குடித்தால் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொரு உண்மையையும் சொல்ல வேண்டும், ஓட்டத்தின் பக்கம் நிற்பவன் என்றாலும். சர்க்கரையை மட்டும் குறைப்பதுதான் நோக்கமென்றால், மூன்று வேளையும் சாப்பிட்டபின் கால் மணி நேரம் நடப்பது காலை ஓட்டத்துக்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை. சாப்பாட்டுக்குப் பின் எகிறும் சர்க்கரையை அது அந்த இடத்திலேயே மடக்கிவிடும். தமிழக அரசு 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை ஒதுக்கியதும் நடைக்காகத்தான். ஓட்டம் இதயத்துக்கு, மூச்சுக்கு, மனசுக்கு. ஓட வேண்டும் என்று ஆசையிருப்பவர் ஓடுவதற்கு வேறு நியாயம் தேவையில்லை. பாகிஸ்தான் கிரிக்கெட் வீரர் வாசிம் அக்ரமுக்கு 1997-ல், முப்பது வயதை ஒட்டி, இன்சுலின் தேவைப்படும் சர்க்கரை வந்தது. 1999 ஜனவரியில் சேப்பாக்கத்தில் 136 அடித்து நின்ற சச்சினின் கேட்சைப் பிடித்தவர் அந்தச் சர்க்கரைக்காரர்தான். 12 ரன்னில் தோற்ற வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் தீரவில்லை, அது வேறு விஷயம்.

மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று கேட்டீர்கள். நீங்களாக நிறுத்தக்கூடாது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2001-ல் வெளியான அலசல் ஒன்றில், உடற்பயிற்சி செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் ஹெச்பிஏ1சி-யில் இருந்த வித்தியாசம் சராசரியாக 0.66. எடை பெரிதாக மாறாமலேயே கிடைத்த பலன் அது. உங்கள் 8.1-க்கு அப்படி ஒரு இறக்கம் வந்தால் ஏழரையை ஒட்டி நிற்பீர்கள். சந்தோஷமான எண்தான், ஆனால் மாத்திரையைத் தூக்கி எறியும் எண் இல்லை. உங்கள் டாக்டர் குறைப்பார் என்றால் முதலில் குறைவது கிளிமிபிரைடாகத்தான் இருக்கும். அவர் முடிவெடுக்க உங்களிடம் ஒரு நோட்டு இருக்க வேண்டும்: ஓடும் முன் எவ்வளவு, ஓடி முடித்து எவ்வளவு, இரண்டு மணி நேரம் கழித்து எவ்வளவு, அன்று என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு மாத்திரை. மூன்று மாதம் கழித்து ஹெச்பிஏ1சி பாருங்கள், அதற்கு முன்னால் பார்த்தால் பழைய மாதங்களின் கணக்கும் கலந்திருக்கும். ஆனால் இடையில் ஒரு தரம் 70-க்குக் கீழே போனாலும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம், அந்த வாரமே நோட்டோடு போய் நில்லுங்கள்.

அந்தச் சீட்டை எடுக்கும்போது மாத்திரை அட்டையின் பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். இரண்டு மருந்து என்று எழுதியிருக்கிறீர்கள். பொடி எழுத்தில் மூன்றாவதாக வோக்லிபோஸ் இருந்தால், இன்றைக்கே மெடிக்கலில் ஒரு டப்பா குளுக்கோஸ் வாங்கிவிடுங்கள். ஷூ அடுத்த வாரம் வாங்கிக்கொள்ளலாம்.